கடலோர விருந்தும் கள்ளுண்ணாமையும்

கடல் சூழ்ந்த மும்பை மாநகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை நாள்களில் கடற்கரைக்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துச் சென்று காட்டுவது 'கேட்வே ஆஃப் இந்தியா' என்னும் பெருவாயிலையே. அதைக் கண்டு, துறைமுகத்துப் படகுகளைக் கண்டு, எதிரே ஓங்கி நிற்கும் தாஜ்மஹால் ஹோட்டலின் குவிமாடத்தை அண்ணாந்து நோக்கிய பின்னர், "எங்கே உண்பது?" என்ற கேள்வி எழும். கேள்வி எளியது, ஆயினும் அதனுள் ஒரு நூற்றாண்டு வரலாறு அடங்கியுள்ளது. மழலைகளும் முதியோரும் உடனிருக்க, மதுவின் வாடை இன்றி, கையிருப்புக்கு ஏற்ற வகையில், மானத்தோடு அமர்ந்து உண்ண ஓரிடம் வேண்டும் என்னும் விருப்பமே அவ்வரலாற்றின் உயிர்நாடியாகும்.

1950-ஆம் ஆண்டு முதற்கொண்டு பல ஆண்டுகள், இந்நகரின் கடலோர விருந்துக்கூடங்களில் மது பரிமாறுவதைச் சட்டம் தடுத்து நின்றது. அதே ஆண்டுகளில் நம் ஆண்டாப் ஹில்லையும் வடாலாவையும் அடுத்த சதுப்பு நிலங்களில் கள்ளச்சாராய அடுப்புகள் எரிந்தன. அதே ஆண்டுகளில்தான் மாட்டுங்காவின் உணவு விடுதிகளில், எவருடைய ஆணையும் இன்றி, நாள்தோறும் மக்கள் வரிசையில் நின்று மதுவின்றி வயிறார உண்டு மகிழ்ந்தனர். இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்குவோமாயின், நம் குடும்பங்களுக்குப் பயன்படும் உண்மை ஒன்று புலப்படும்.

புகார் நகரின் நினைவு

கடலோர நகரில் விருந்தும் மதுவும் அருகருகே இருப்பது புதுமையன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் இடங்களில் கொடிகள் பறந்ததைக் கூறுகின்றது. அதே பாட்டு, அந்நகரின் அட்டிற்சாலைகளில் சோறு வடித்த கஞ்சி ஆறு போலத் தெருவில் ஓடியதையும் கூறுகின்றது. கொடியும் கஞ்சியும் ஒரே நகரின் இரு முகங்கள். யவனர் மரக்கலங்களில் கொணர்ந்த மதுவைத் தமிழ் மன்னர் அருந்தியதைப் புறநானூறு மறைக்கவில்லை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த மதுச்சாடிகளும் அதற்குச் சான்று பகர்கின்றன. நம் முன்னோர் மதுவையே அறியாதவர் என்று பெருமை பேசுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

ஆயினும் அதே மண்ணில் மாற்றுக் குரலும் எழுந்தது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென 93-ஆம் அதிகாரத்தை வகுத்தார். விருந்தோம்பலுக்கு 9-ஆம் அதிகாரத்தை வகுத்தார். விருந்தை அறமென்று போற்றிய அதே புலவரே கள்ளை விலக்கினார் என்பதை நாம் கருதவேண்டும். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. வழியிற் செல்லும் சமண முனிவரைக் கள் உண்ணுமாறு அழைக்கும் களிமகன் ஒருவனை அந்நூல் காட்டுகின்றது. பின்னர் அமுதசுரபி ஏந்திய மணிமேகலை பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டதையும், அவள் வேண்டுகோளுக்கு இணங்கச் சோழ மன்னன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியதையும் பாடுகின்றது. களிமகனைத் தண்டித்த கதையாக அது விரியவில்லை. பசித்தோர்க்குச் சோறு கிடைக்கும் இடம் உண்டான கதையாகவே விரிந்தது. இக்கருத்து பின்னர் நமக்குப் பயன்படும்.

அப்பலோ பந்தரில் எழுந்த மாளிகை

இனி நம் நகருக்கு வருவோம். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், அப்பலோ பந்தர் எனப்படும் கடற்றுறையில் ஜாம்செட்ஜி டாட்டா எழுப்பிய தாஜ்மஹால் ஹோட்டல் திறக்கப்பட்டது. அப்போது எதிரே பெருவாயில் இல்லை. அது 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாளன்றே திறக்கப்பெற்றது. ஆகவே கடலிலிருந்து வருவோர்க்கு இந்நகரின் முதல் அடையாளம் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓர் உணவும் உறையுளும் தரும் மாளிகையாகவே இருந்தது. முதல் உலகப் போரின்போது அம்மாளிகை 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாயிற்று. 1933-ஆம் ஆண்டில் அங்கே 'ஹார்பர் பார்' என்னும் மதுக்கூடம் தோன்றிற்று.

மதுக்கூடத்தின் புகழ் ஒருபுறமிருக்க, அம்மாளிகையின் முதல் மாடியில் துறைமுகத்தை நோக்கிய 'சீ லவுஞ்ச்' என்னும் கூடம் வேறொரு புகழ் பெற்றது. அங்கே சாளரத்தோரம் அமர்ந்து தேநீரும் சிற்றுண்டியும் அருந்துவது நகரத்துக் குடும்பங்களின் விருப்பமாயிற்று. திருமணப் பேச்சு நடக்கும் இரு குடும்பத்தார் பெண்ணையும் பிள்ளையையும் அங்கே சந்திக்கச் செய்வது பம்பாயின் செல்வக் குடிகளிடையே ஒரு மரபாகவே வளர்ந்தது. நம் ஊரில் பெண் பார்க்கும் நாளில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வகிக்கும் இடத்தை அங்கே தேநீர்க் கோப்பை வகித்தது. இரு குடும்பத்துப் பெரியோர் கூடியிருக்கும் மேசையில் மதுவுக்கு இடமில்லை. அதனை எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. அவையறிந்து நடக்கும் பண்பே எழுதி வைத்தது. 2008 நவம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த கொடுந்தாக்குதலில் அம்மாளிகை பெருஞ்சேதமுற்றது. பழைய பகுதி 2010 ஆகஸ்டு 15-ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டபோது, கடல் பார்த்த அத்தேநீர்க் கூடமும் உயிர் பெற்றது.

தாஜின் விலை நம்மில் பலர்க்கு எட்டாதது. எனினும் இச்செய்தியில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரே கூரையின்கீழ் மதுக்கூடமும் தேநீர்க் கூடமும் இருந்தன. எந்தக் கூடத்தை நாடுவது என்பதைக் குடும்பமே முடிவு செய்தது.

இரு மாகாணங்களின் ஒரே நோன்பு

மதுவிலக்கு இயக்கத்தில் தமிழகம் முன்னே நடந்தது. 1921-ஆம் ஆண்டில் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் பெரியார் ஈ. வெ. ராமசாமி அவர்களோடு அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். 1929-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 'விமோசனம்' என்னும் இதழை மதுவிலக்குக்கென்றே வெளியிட்டார். அதில் அவருக்குத் துணை நின்றவர் பின்னாளில் புகழ்பெற்ற கல்கி அவர்கள். ராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சரானபின், 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குச் செயலுக்கு வந்தது. அதனால் குறைந்த வருவாயை ஈடு செய்ய 1939-இல் விற்பனை வரி பிறந்தது. நாம் இன்று கடையில் செலுத்தும் வரிக்கு மதுவிலக்கும் ஒரு மூலகாரணம் என்பது பலர் அறியாத செய்தி.

பம்பாயும் பின்தங்கவில்லை. பி. ஜி. கேர் தலைமையிலான அமைச்சரவை 1939 ஆகஸ்டு 1-ஆம் நாள் பம்பாய் நகரில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. அத்துறையின் பொறுப்பை ஏற்றிருந்தவர் டாக்டர் எம். டி. டி. கில்டர், காந்தியடிகளுக்கு வைத்தியம் பார்த்த இதயநோய் நிபுணர், பார்சி வகுப்பினர். மதுக்கடைகளும் கள் வாணிபமும் பெரும்பாலும் பார்சிகளின் கையில் இருந்தமையால், அவ்வகுப்பினரிடமிருந்தே எதிர்ப்பு வலுத்தெழுந்தது. தம் மக்களின் சினத்தைத் தாங்கிக்கொண்டு அவர் நின்றார். வருவாய் இழப்பை ஈடு செய்ய நகரத்துக் கட்டடங்கள்மீது 10 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. ஆனால் போரை முன்னிட்டு 1939 நவம்பரில் அமைச்சரவை பதவி துறந்தது. நோன்பு பாதியில் நின்றது.

விடுதலைக்குப்பின் நோன்பு மீண்டும் தொடங்கிற்று. சென்னை மாகாணம் முழுவதும் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948-ஆம் ஆண்டில் மதுவிலக்குப் பரவியது. பம்பாயில் 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டு, 1950 ஏப்ரல் 6-ஆம் நாள் முதல் மாநிலம் முழுவதும் முற்றும் நடைமுறைக்கு வந்தது. நாளைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. 1930 ஏப்ரல் 6-ஆம் நாள்தான் காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பு அள்ளினார்.

பெர்மிட் அறையும் ஐஸ்கிரீமும்

சட்டம் வந்தபின் கடலோர விருந்துக்கூடங்களின் நிலை என்ன ஆயிற்று? பொது உணவுக்கூடத்தின் மேசையில் மது வைத்துப் பரிமாறச் சட்டம் இடம் தரவில்லை. வெளிநாட்டினர்க்கும், உடல்நலம் கருதி மது தேவையென மருத்துவச் சான்று பெற்றோர்க்கும் பெர்மிட் வழங்கப்பட்டது. அவர்கள் அருந்துதற்கெனத் தனித்து ஒதுக்கிய இடமே 'பெர்மிட் ரூம்' என்று பெயர் பெற்றது. இன்றும் மும்பைத் தெருக்களில் அப்பெயர்ப் பலகையைக் காண்கிறோம். அதன் பிறப்பு இங்குதான். 1951 மே மாதத்தில் பால்சாரா வழக்கில் உச்சநீதிமன்றம் இச்சட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லுமென ஏற்றது; மதுச்சாரம் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் தடுத்த பகுதிகள் உள்ளிட்ட சிலவற்றைத் தள்ளியது.

விருந்துக்கூடத்தார் கடையை மூடிவிட்டு ஓடவில்லை. மது தந்த இலாபத்தை வேறு வழியில் ஈட்ட முனைந்தனர். சர்ச்கேட் பகுதியில் கோவா இசைவாணர்களின் ஜாஸ் இசை முழங்க, மக்கள் இசைக்காகவும் உணவுக்காகவும் கூடினர். 1956-இல் அங்கே 'கேலார்ட்' தோன்றிற்று. கிர்காம் சௌபாட்டிக் கடற்கரைக்கு எதிரே 1958-இல் 'கிரீம் சென்டர்' என்னும் சைவ உணவகம் தோன்றிற்று. அதன் சன்னா பட்டூராவும் ஐஸ்கிரீமும் இருதலைமுறைக் குழந்தைகளுக்குக் கடற்கரைப் பயணத்தின் நிறைவாக விளங்கின. மது இல்லாத காலத்தில் கடலை நோக்கிக் குடும்பங்களுக்கெனவே திறந்த வாயில் அது. கிண்ணங்கள் ஒழிந்த இடத்தில் கரண்டிகள் ஒலித்தன என்று கூறின் மிகையாகாது.

ஈரானியர் நடத்திய தேநீர்க் கடைகளும் இங்கே குறிப்பிடத் தக்கவை. 1904-இல் தொடங்கிய கியானி, நம் கிங்ஸ் சர்க்கிளில் 1932-இல் தொடங்கிய கூலர் போன்றவை, பளிங்கு மேசையும் வளைந்த மர நாற்காலியும் இட்டு, மஸ்கா பன்னும் சாயும் தந்து, கூலியாளையும் வழக்கறிஞரையும் அருகருகே அமரச் செய்தன. அத்தகைய கடைகளில் பலவற்றில் பெண்டிரும் குழந்தைகளும் அமர 'பேமிலி ரூம்' என்று தடுப்பிட்ட பகுதி இருந்தது. பெண்கள் வெளியே உண்பது இழுக்கு என்று கருதப்பட்ட காலத்தில், அச்சிறு தடுப்பு ஒரு பெரும் விடுதலையாயிற்று.

நம் குன்றின் அடிவாரத்தில்

இதுவரை கூறியது கதையின் ஒளிமிக்க பகுதி. இருள் மிக்க பகுதியையும் கூறாவிடின் நாம் வரலாற்றுக்கு நேர்மை செய்தவராகோம். அப்பகுதியோ நம் வாயிலிலேயே நிகழ்ந்தது.

ஆண்டாப் ஹில்லுக்கு அருகே, வடாலாவில், உப்பளங்கள் இருந்தன. 1930-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அவ்வுப்பளங்களை நோக்கிச் சத்தியாக்கிரகிகள் அலை அலையாக வந்தனர். ஜூன் 1-ஆம் நாளன்று ஏறத்தாழ 15,000 பேர் திரண்டனர். தடியடி பட்டு, சேற்றில் வீழ்ந்து, கைப்பிடி உப்போடு எழுந்தனர். தண்டியின் நினைவாக ஏப்ரல் 6-ஆம் நாளைத் தேர்ந்தெடுத்த மதுவிலக்குச் சட்டம், தண்டிப் போர் நடந்த இந்த நிலத்திலேயே தோல்வி கண்டது என்பது வரலாற்றின் கசப்பான வேடிக்கை.

வெல்லத்தையும் அழுகிய பழங்களையும் நவச்சாரத்தையும் ஊறவைத்துப் பீப்பாய்களில் காய்ச்சும் தொழில், நாணலும் அலையாத்திச் செடிகளும் மறைக்கும் சதுப்பு நிலங்களில் செழித்தது. தாராவிக் கழிமுகத்திலும், சயன் கோலிவாடாவிலும், நம் குன்றைச் சுற்றியும் அது பரவியது. வாங்க இயலாதோர் மரச்சாமான்களுக்குப் பூசும் பாலிஷையே குடித்து மாண்டனர். காய்ச்சியவர்க்கும் கடத்தியவர்க்கும் வழிவிட்டவர்க்கும் பணம் புழங்கிற்று. பணம் புழங்கிய இடத்தில் ஆதிக்கம் எழுந்தது. தூத்துக்குடியில் 1926-இல் பிறந்து, விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் சுமை தூக்கி வாழ்க்கையைத் தொடங்கிய வரதராஜ முதலியார், இத்தொழிலின் வழியாகவே பெருஞ்செல்வாக்குப் பெற்றார். 1988-இல் அவர் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த 'நாயகன்' திரைப்படம் அவர் வாழ்வைத் தழுவியது என்பதை யாவரும் அறிவர்.

இதனால் விளைந்த தீங்கு யாது? ஆண்டாப் ஹில் என்றாலும் தாராவி என்றாலும் நகரத்தார் சிலர் மனத்தில் சாராயமும் முரடரும் தோன்றலாயினர். மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் நேர்மையாகப் பணி செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களும், தோல் பதனிடும் தொழிலில் உடல் தேய்ந்த திருநெல்வேலிப் பெருமக்களும் அப்பழியைச் சேர்ந்து சுமந்தனர். முகவரி கேட்டவர் முகம் மாறுவதை நம் தலைமுறையினர் பலர் கண்டதுண்டு. திரைப்படத்தில் கண்டு வியக்கும் இளைஞர்க்கு நாம் ஒன்று கூறுவோம்: அச்சாராயத்தின் விலையைக் கொடுத்தவர் படத்தில் வராத பெண்கள். சனிக்கிழமைக் கூலி வீடு வந்து சேராத குடிசையில், அடுப்பில் வைக்க அரிசியின்றி நின்ற தாய்மாரே அவ்வரலாற்றின் உண்மையான சாட்சிகள்.

மாட்டுங்கா காட்டிய வழி

அதே காலத்தில், நம் குன்றிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், மற்றொரு வரலாறு உருவாகியது. 1896-இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோயின் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைந்தது. அதன் திட்டங்களால் தாதரும் மாட்டுங்காவும் அகன்ற சாலைகளோடு எழுந்தன. டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்ற தென்னாட்டு இளைஞர் அங்கே வந்து குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றிற்று. அலுவலகம் முடிந்து அறைக்குத் திரும்பும் தனிமனிதனுக்குச் சோறு வேண்டும். பேச்சுத் துணை வேண்டும். காலையில் காப்பி வேண்டும். இவை கிடைக்காத இளைஞனைத்தான் சாராயக் கடை எளிதில் இழுக்கும்.

அக்குறையை நிறைவு செய்ய வந்தவை மாட்டுங்காவின் உணவு விடுதிகள். 1937-இல் மணீஸ் லஞ்ச் ஹோம், 1939-இல் ராம் ஆஷ்ரய், 1940-இல் கஃபே மெட்ராஸ், 1942-இல் ஏ. ராம நாயக் அவர்களின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். நடத்தியோர் பாலக்காட்டார், உடுப்பியார். உண்டோர் தமிழர், மலையாளி, கன்னடியர், குஜராத்தியர் எனப் பலர். ராம நாயக் விடுதியில் வாழையிலை விரித்து, சோறும் சாம்பாரும் ரசமும் மோரும் வயிறு நிறையும்வரை பரிமாறுவர்; சமையலறையைக் காண விரும்புவோர் உள்ளே சென்று காணலாம். மறைப்பதற்கு ஒன்றுமில்லாத அடுப்பு அது. சதுப்பு நிலத்தில் மறைந்தெரிந்த அடுப்பையும், மாட்டுங்காவில் எவரும் காணத் திறந்திருந்த அடுப்பையும் ஒப்பிட்டால், ஒரே சட்டத்தின்கீழ் இரு உலகங்கள் வாழ்ந்தது விளங்கும்.

இவ்விடுதிகள் மதுவிலக்குப் பிரசாரம் எதுவும் செய்தவையல்ல. சுவரில் மதுவைப் பழிக்கும் வாசகம் இல்லை. ஆயினும் அங்கே மதுவை எவரும் தேடவில்லை. சூடான இட்டிலி, நுரை பொங்கும் காப்பி, அருகமர்ந்தவரிடம் ஊர்ச் செய்தி, கையிலடங்கும் விலை ஆகிய இந்நான்கும் சேர்ந்து, சட்டம் செய்ய இயலாததைச் செய்தன. வியப்பென்னவெனில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பியையே ஒரு போதைப் பொருளாகக் கண்டித்தோர் தமிழ்நாட்டில் இருந்தனர். நீராகாரத்தைக் கெடுக்க வந்த பேய் என்றனர். இதனை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். அப்பழிக்குள்ளான காப்பிதான் பின்னர் குடும்பத்தார் கூடியமரும் பொதுவிடத்துக்கு அடையாளமாயிற்று.

உண்மையை முழுதும் கூறவேண்டும். காப்பிக் கடைகள் எல்லார்க்கும் எப்போதும் திறந்திருந்தனவல்ல. தாய்நாட்டில் பல விடுதிகளில் சாதி பிரித்து அமர்த்தினர். சென்னையில் முரளி கஃபேயின் 'பிராமணாள்' என்ற பலகையை எதிர்த்து 1957-இல் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. மதுவை விலக்கிய மேசை மனிதனையும் விலக்குமாயின், அதற்குத் தூய்மை என்று பெயரிடல் தகாது. தாராவித் தொழிலாளி தயக்கமின்றி உள்ளே வந்து அமரக்கூடிய விடுதியே முழுமையான விருந்துக்கூடம்.

சட்டம் தளர்ந்த பின்னர்

1963-64 ஆண்டுகளில் மராட்டிய மாநிலத்தில் மதுவிலக்கு விதிகள் தளர்ந்தன. 1970-களின் தொடக்கத்தில் மேலும் தளர்ந்தன. தமிழ்நாட்டில் 1971 ஆகஸ்டு 30-ஆம் நாள் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. பின்னர் மீண்டும் விலகியது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்து, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே சென்றது. மும்பையில் சட்டப் புத்தகத்தின்படி மது அருந்துவோர் இன்றும் பெர்மிட் வைத்திருக்க வேண்டும். நடைமுறையிலோ கடலோர உணவகங்களில் மதுப் பட்டியல் உணவுப் பட்டியலுக்கு முன்னரே மேசைக்கு வருகின்றது.

சட்டம் இறுகியபோதும் மக்கள் மாண்டனர், தளர்ந்தபோதும் மாண்டனர். 2015 ஜூன் மாதத்தில் மும்பை மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயம் நூறு பேருக்கு மேல் பலி கொண்டது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அதே நஞ்சு அறுபதுக்கும் மேற்பட்டோரை மாய்த்தது. மாண்டோர் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். ஆகவே "சட்டம் இருந்தால் போதும்" என்பாரும், "சட்டத்தை எடுத்தால் போதும்" என்பாரும் பாதி உண்மையே பேசுகின்றனர். சட்டம் கடையை மூடும். மனிதன் மாலையில் எங்கே செல்வது என்பதற்கு விடை கூறாது. அவ்விடையை மாட்டுங்காவின் வாழையிலையும், சௌபாட்டியின் ஐஸ்கிரீம் கிண்ணமும், அப்பலோ பந்தரின் தேநீர்க் கோப்பையும் கூறின. ஒன்றை ஒழிக்க விரும்புவோர் அதன் இடத்தில் மற்றொன்றை வைக்கவேண்டும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் உண்மை. சிறைக்கோட்டத்தை இடித்துவிட்டு வெற்றிடமாக விடாமல் அறக்கோட்டமாக்கிய மணிமேகலையின் அறிவும் இதுவே.

நாம் செய்யத் தக்கன

இன்று நம் இளைஞர் நல்ல ஊதியம் பெறுகின்றனர். நண்பரோடு கடலோர உணவகங்களுக்குச் செல்கின்றனர். அலுவலக விருந்துகளில் கலந்துகொள்கின்றனர். அங்கே மது வேண்டாமென்போர் தயங்கித் தலைகுனியும் நிலையைக் காண்கிறோம். தலைகுனிய ஒன்றுமில்லை. எலுமிச்சை ரசமோ, சோல்கடியோ, இளநீரோ, காப்பியோ கேட்டு வாங்கி, நிமிர்ந்து அமர்ந்து உண்பவன் இந்நகரின் பழைய, பெருமை மிக்க மரபொன்றைத் தொடர்கின்றான் என்று அவனுக்கு நாம் கூறவேண்டும். மேசை பிடிக்கும்போதே குடும்பப் பகுதி வேண்டுமெனக் கேட்பதும், மதுப் பட்டியல் வேண்டாமென மரியாதையோடு சொல்வதும் நம் உரிமை. வாடிக்கையாளர் பலர் கேட்கும் பொருளை வணிகர் தாமே தேடிக் கொணர்வர்; 1958-இல் கொணர்ந்தனர், இன்றும் கொணர்வர்.

மற்றொன்றும் உண்டு. குடிப்பழக்கத்துக்கு ஆட்பட்டவனை இகழ்ந்து ஒதுக்குதல் எளிது. அவனை நம் பந்தியில் அமர்த்துதல் அரிது. சங்கத்தின் பொங்கல் விருந்திலும் ஆண்டு விழா உணவிலும், காலனியின் கடைசி வரிசை வீட்டாரும், குன்றின் அடிவாரக் குடிசையாரும் அழைப்புப் பெறவேண்டும். ஒருவன் மாலைப் பொழுதைக் கழிக்க நூலகமும், கேரம் பலகையும், இசைப் பயிற்சியும், ஒரு குவளைக் காப்பியும் இருக்குமிடம் சங்கக் கட்டடமாக இருக்கட்டும். அவ்விடம் ஒளியோடு திறந்திருக்கும் நாள்களில், இருண்ட சந்துகளுக்கு ஆள் குறையும்.

நம் குன்றின் பெயர் உப்புப் போரால் உயர்ந்தது, சாராயத்தால் தாழ்ந்தது. உழைப்பாலும் கல்வியாலும் நம் பெற்றோர் அதை மீண்டும் நிமிர்த்தினர். எஞ்சிய பணி நம்முடையது. மதுவின் துணையின்றியே விருந்து சுவைக்கும், நட்பு பழுக்கும், கடற்காற்று இனிக்கும் என்பதை நம் பிள்ளைகள் நம்முடன் அமர்ந்து உண்டே அறியட்டும். அத்தகைய பந்திகள் நம் காலனியில் ஆண்டுதோறும் பெருகுக! தமிழ்க் குடும்பங்கள் நலமுற வாழ்க! சங்கம் ஓங்குக!